சின்னவள் கை

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். யாருக்கு வந்த கடிதமானாலும் முழுக்கப் படிக்காமல் உனக்குச் சோறு இறங்காது.

கீழ் அறை தயாராகிவிட்டது. சக்கர நாற்காலி ஏறுவதற்காக உன் அத்தான் வாசல்படியை இடித்துச் சரிவாக்கினார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. தையல் மிஷினை அந்த அறைக்குப் பக்கத்திலேயே நகர்த்திவிட்டேன். அம்மாவுக்குத்தான் கண் தெரியவில்லையே, மிஷின் சத்தம் கேட்டால் பெரியவள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று நிம்மதியாக இருப்பாள்.

நமக்குள் பேச்சு என்ன? மூன்று வருடம் நீ வேலை பார்க்கும் அந்த முதியோர் இல்லத்தில் உன் கண் பார்வையில் இருக்கட்டும், பிறகு என்னிடம் வரட்டும். மூன்று வருடம் ஓடிவிட்டது. வயிற்றுப்போக்கு, தொற்று, வெளியே அனுப்ப முடியாது என்றாய். சரி என்றேன். மருந்து முடியட்டும் என்றாய். மருந்தும் முடிந்தது. நேற்று மேட்ரனுக்கே போன் போட்டேன். "டாக்டர் அனுப்பலாம்னுட்டாரும்மா. தொற்றுத் தடுப்பு நர்ஸ் கையெழுத்துப் போட்டா அன்னிக்கே அனுப்பிடுவோம்" என்றார்.

அந்த நர்ஸ் யார்? ஊரில் வேறு ஆளே கிடைக்காத மாதிரி என் கூடப் பிறந்தவள்.

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, இல்லை அனுப்ப உனக்கு மனசில்லையா?

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

"அன்புள்ள" போடவில்லை என்று கவனித்திருப்பாய். வேண்டுமென்றுதான் போடவில்லை.

என் வேலை என்னவென்று உனக்கு இன்னமும் தெரியாது. ஊசி போடுவேன், காய்ச்சல் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே வைத்தியம் பார்ப்பதில்லை அக்கா, கைகளைப் பார்க்கிறேன். எந்தக் கை எந்தக் கட்டிலைத் தொட்டது, தொட்ட கை கழுவாமல் எந்த டம்ளரை எடுத்தது, துடைத்த துணி அடுத்து எந்த அறைக்குப் போனது. நான் நடையில் வந்தால் போதும், இருக்கிற குழாயெல்லாம் தானாகத் திறக்கும். முதுகுக்குப் பின்னால் எனக்குச் சோப்புக்காரி என்று பெயர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் ஏழாம் அறையில் இருக்கிறார், அவர் மட்டும் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்.

அம்மாவுக்கு வந்த கிருமி சாதாரணமானதல்ல. விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு கட்டில் கம்பியிலும் கதவுக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். எல்லோரும் கையில் தேய்க்கிறார்களே ஸ்பிரிட் ஜெல், அதற்கெல்லாம் அது அசையாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவித்தான் தள்ள வேண்டும். இதை இங்கே சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. போக்கு நின்று முழுதாக இரண்டு நாள் ஆனால்தான் வெளியே அனுப்பலாம் என்பது விதி. முதல் நாள் நன்றாக இருக்கிறாள், மறுநாள் ஒரு தடவை இளகலாகப் போகிறாள். நான் அதைக் கணக்கில் சேர்க்கிறேன். வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் சேர்த்திருப்பாயா என்று கேட்காதே.

அவளுக்கு மட்டுமல்ல, பக்கத்து இரண்டு அறைகளிலும் தொற்றிவிட்டது. ஏழாம் அறைத் தாத்தாவும் படுத்துவிட்டார். யாரோ கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும்.

சிட்டு என்று ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள், போன மழைக்காலத்திலிருந்து. அரை ஆள் உயரம், நின்ற இடத்தில் நிற்கமாட்டாள், அதனால் அந்தப் பெயர். அம்மாவைக் குளிப்பாட்டுவதும் தலை வாருவதும் அவள் பொறுப்பு. அம்மாவுக்கு அவள் மேல் அப்படி ஒரு மயக்கம். "உன் கை என்னமா மணக்குதுடி" என்று முகர்ந்து முகர்ந்து பார்க்கிறாள். நான் போய்க் கையைப் பிடித்தபோதெல்லாம், "என்னடி நாத்தம் இது, ஆஸ்பத்திரி நாத்தம்" என்று முகத்தைச் சுளித்தாள். எங்கள் சோப்பு அப்படித்தான் இருக்கும், இளஞ்சிவப்புத் தண்ணீர், பினாயில் வாடை. நாள் முழுக்க அதில் ஊறிய கை.

உன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த முகச்சுளிப்பு கிடையாது. பெரியவள் தைத்த நைட்டி, பெரியவள் வைத்த பாக்கெட், பெரியவள் எப்ப வர்றா. தினமும் பக்கத்தில் இருக்கிறவளுக்கு நாற்றம், வருடத்துக்கு ஒருமுறை வருகிறவளுக்கு வாசனை. நல்ல நியாயம்.

தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் போடுகிறேன் பார், "அன்புள்ள". எனக்குப் பெரிய மனசு.

கிருமிப் பாடம் படித்தேன். அத்தானையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். உன் பேச்சுக்கு இன்னமும் அந்த மரியாதை இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சிட்டுதான் கிருமியைச் சுமக்கிறாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? கை கழுவாமல் வந்ததைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் எழுதியிருப்பாய். நீ எழுதியது அவள் கை மணப்பதைப் பற்றித்தான்.

உனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், எனக்கும் எரிகிறது. மூன்று வருடமாக எரிகிறது. நைட்டியின் கழுத்தைத் தைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், இதில் அவள் தலையை நுழைத்துக் கையை எடுத்து விடுவது நான் இல்லை என்று. பொத்தானை முன்னால் வைத்தேன், உங்களுக்கு மாட்டிவிட வசதியாக இருக்கட்டும் என்று. உங்களுக்கு! அதையும் வெந்நீரில் வேகவைத்துச் சாயம் போக்கிவிட்டாயாமே. கிருமிக்காகத்தான் செய்தாய் என்று மூளைக்குத் தெரிகிறது. மனசு கேட்கவில்லை.

அம்மா உனக்கு நாற்றம் என்றால் உன்னோடு பேசுகிறாள் என்று அர்த்தம். என்னோடு போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "சரி, வேலையப் பாரு" என்று கொடுத்துவிடுகிறாள். யார் பாக்கியசாலி என்று நீயே சொல்.

ஒரு ஏழைப் பெண் பிழைப்பில் உன் வயிற்றெரிச்சலைக் கொட்டாதே. கையெழுத்தைப் போடு.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

நீ அவளுக்கு வக்கீலா? பார்த்ததுகூட இல்லை, அதற்குள் கட்சி கட்டிவிட்டாய். எனக்கு எதிராக யார் நின்றாலும் அவர்கள் பக்கம் நீ.

சிட்டுவை அம்மா அறையிலிருந்து மாற்றி, துணி வெளுக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லி மேட்ரனிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு மேல இதுவரைக்கும் ஒரு புகாரும் வரலையே. சந்தேகத்துல எப்படி மாத்துறது? காட்டுங்க, மாத்துறேன்" என்றார். காட்டத்தான் போகிறேன்.

எங்களிடம் ஒரு களிம்பு இருக்கிறது. தடவினால் கண்ணுக்கே தெரியாது. ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக மின்னும். கட்டில் கம்பியில் ரகசியமாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவேன், சுத்தம் செய்தார்களா, இல்லை செய்ததாகப் பெயர் பண்ணினார்களா என்று விளக்கு சொல்லிவிடும். தொட்ட கையில் ஒட்டும், கை தொட்ட இடத்தில் ஒட்டும். ஒழுங்காகச் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். வியாழக்கிழமை அம்மாவின் சீப்புப் பிடியிலும் அவள் கட்டில் கம்பியிலும் தடவப்போகிறேன். காலையில் சிட்டு தலை வாருவாள். மதியம் எல்லோரையும் கூப்பிட்டு வழக்கமான சோதனை என்று கையை நீட்டச் சொல்வேன். அப்போது பார்ப்போம் எந்தக் கை மணக்கிறது என்று.

நீ நினைக்கிற மாதிரி நான் ராட்சசி இல்லை. நானும் அம்மாவுக்குப் பிடித்த மாதிரி இருக்கத்தான் பார்க்கிறேன். மூன்று வாரமாக இடைவேளையில் நர்ஸாகப் போவதில்லை, மகளாகப் போகிறேன். உடுப்பின் மேல் நீ அனுப்பிய நீலச் சால்வை. கையில் அந்த நாற்றமெடுத்த சோப்பைத் தொடுவதில்லை, ரோஜா வாசனை ஜெல் ஒரு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன், போகும்போதும் வரும்போதும் அதைத்தான் தேய்த்துக்கொள்கிறேன். நேற்றும் அம்மா முகத்தைச் சுளிக்கவே இல்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் என் கையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இந்த மூன்று வாரமாகப் பகலில் கண்ணையே மூடுவதில்லை, புரண்டு புரண்டு படுக்கிறாள். நோயின் அலுப்பாக இருக்கும்.

தங்கை


பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வண்டி ஏற்பாடு செய்துவிட்டேன். படுத்தபடி வரக்கூடிய வண்டி. மார்ச் எட்டாம் தேதி அத்தானும் நானும் அங்கே இருப்போம். நீ கையெழுத்துப் போட்டால் உன் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு அழைத்துப்போவேன். போடாவிட்டால் மேட்ரன் அறையில் உட்கார்ந்துகொண்டு, தங்கை என்றும் பார்க்காமல் பேச வேண்டியதைப் பேசுவேன்.

உன் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. நான் பத்தாம் வகுப்பு. ஆனாலும் நீ பத்தாம் தேதி எழுதிய கடிதத்தையும் இருபத்தொன்றாம் தேதி எழுதிய கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். நீயும் ஒருமுறை நினைத்துப் பார். நான் சொன்னால் சண்டையாகிவிடும்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

நீ எழுதியது சோதனைக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேன் என்று தோன்றவில்லை.

வியாழக்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் ஜன்னல்களை மூடச் சொன்னேன். சமையல்காரர், துப்புரவு ஆட்கள், நர்ஸுகள், எல்லோரும் வரிசையில். சிட்டுவை வேண்டுமென்றே கடைசியில் நிறுத்தினேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். ஊதா விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. நகக்கண்ணில் பார்த்தேன், விரலிடுக்கில் பார்த்தேன், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். குழந்தையின் கை மாதிரி இருந்தது.

விட மனசில்லாமல் மறுபடி திருப்பினேன். அப்போது அவள்தான் மெதுவாகச் சொன்னாள், "மேடம், உங்க கையில தெரியுது."

என் உள்ளங்கை முழுக்கப் பச்சை. விரல் ஐந்தும் பச்சை. நான் பிடித்திருந்த விளக்கின் சுவிட்சே மின்னிக்கொண்டிருந்தது அக்கா. களிம்பு வைக்கும்போது கையுறை போட்டிருந்தேன், கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். அது இடைவேளையில் ஒட்டியது. நீலச் சால்வையும் ரோஜா ஜெல்லுமாக மகளாகப் போனேனே, கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனே, அப்போது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேட்ரன் விளக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடையில் நடந்தார், நான் பின்னால் போனேன். அம்மா அறைக் கதவு, பக்கத்து அறைக் கதவு, ஏழாம் அறைத் தாத்தாவின் தண்ணீர்க் குவளை. இடைவேளை முடிந்து நான் சுற்றிவந்த வழி அப்படியே மின்னியது. ஜெல்லுக்கு அந்தக் கிருமி அசையாது என்று உனக்கே பாடம் எடுத்தவள் நான். மற்றவர்கள் கையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். என் கை கிருமியைச் சுமக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் நர்ஸ் இல்லை, மகள்.

தாத்தாவுக்கு இப்போது தேவலை. "சோப்புக்காரிக்கே சோப்பு தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிட்டுவிடமும் கேட்டேன். மாற்றச் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "எனக்கும் எங்க அம்மா இருந்தா அப்படித்தான் மேடம் இருப்பேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவளை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மேட்ரன் எழுத்தில் ஒரு கண்டிப்புக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அம்மா அறைக்கு இனி உடுப்போடும் சோப்புக் கையோடும் மட்டும்தான் போக வேண்டும் என்றார். அப்படித்தான் போகிறேன். இரண்டு நாளாக அம்மாவுக்குப் போக்கு இல்லை. இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எட்டாம் தேதி வா. சண்டைக்குத் தயாராக வராதே, வீணாகிவிடும்.

தங்கை


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

வந்தீர்கள், போய்விட்டீர்கள். வாசலில் நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது நான் மரம் மாதிரி நின்றது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். கை கழுவவில்லையே என்ற யோசனை. பொய். பொறாமை. உன் தோளுக்கு மேலே வண்டிக்குள் தெரிந்த அம்மாவின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சிட்டுவுக்குத் தன் சீப்பைக் கொடுத்தாள். அவள் கன்னத்தைத் தடவி, நல்லா இருடி என்று வாய் நிறைய வாழ்த்தினாள். உனக்கு, வண்டியில் ஏறினதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. எனக்கு? நான் ஏறி உட்கார்ந்து கையைப் பிடித்தேன். உங்களை அனுப்புகிற நாளாயிற்றே என்று அன்று அந்தப் பாழாய்ப்போன சோப்பால் இரண்டு தடவை கழுவியிருந்தேன். நாற்றம் என்று சொல்வாள், அதையாவது கேட்டுவிட்டு இறங்கலாம் என்று காத்திருந்தேன். அதைக்கூடச் சொல்லவில்லை. என் கையை மூக்கோடு வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை அக்கா. மூன்று வருடம்.

அந்த அறையை ப்ளீச் போட்டுத் துடைத்தாயிற்று. நான்தான் விளக்கடித்துப் பார்த்தேன். எங்கேயும் எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறது. என் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

குளிக்க வைத்ததும் விரலிடுக்கைத் துடை. இடது பக்கம் அதிக நேரம் படுக்க விடாதே. உன்னிடம் ஜெல் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுச் சோப்பை வை. அவள் உன்னோடு சந்தோஷமாக இருக்கிறாள் என்றால் எழுது. ரொம்பச் சந்தோஷம் என்றால் கொஞ்சம் குறைத்து எழுது.

தங்கை


மார்ச் 23

அன்புள்ள சோப்புக்காரிக்கு,

குறைத்தெல்லாம் எழுத வேண்டியதில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ வேண்டுமானால் ஆடிப் பாடிக்கொள்.

முதல் இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே குளிப்பாட்டினேன், நானே நைட்டி மாட்டினேன். சாப்பிட்டாள், கதை பேசினாள், அத்தானைக் கிண்டல் பண்ணினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

ஆனால் தூக்கம் இல்லை. உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, புரண்டு புரண்டு படுக்கிறாள் என்று, அதேதான். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தால், எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள். மிஷின் எண்ணெய் வாடையோ என்று நினைத்துப் பவுடர் போட்டேன். பவுடருக்கும் அதேதான். சந்தன சோப்பு வாங்கினேன். தும்மினாள்.

நேற்று பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"என்னம்மா, என் கையில என்ன தேடுற?"

"சின்னவ எங்கடி?"

"அவ வேலையில இருக்கா. நான் பெரியவம்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்ல?"

"நீ இருக்க, தெரியுது. அவ கை எங்க? அந்த நாத்தம் புடிச்ச கை. கொஞ்ச நாளா அவ வர்றதே இல்ல, ரோஜாப்பூ வாசனையா வேற எவளோ வந்து உக்காந்துட்டுப் போனா. யாருன்னு கேக்கவும் சங்கடமா இருந்துச்சு. அப்புறம் திரும்பி வந்தா. வண்டியில கையக் குடுத்தா. அன்னிக்கி எப்படித் தூங்கினேன்!"

நான் விடவில்லை.

"நாத்தம்னு அவளத் திட்டுவியாமே?"

"திட்டுவேன். என் பொண்ணு, நான் திட்டுறேன். கண்ணு போனதுக்கப்புறம் யார் யாரோ வந்து தொடுறாங்க, யாருன்னு கண்டேன்? அந்த நாத்தம் கதவுகிட்ட வரும்போதே தெரிஞ்சிரும், சின்னவ வந்துட்டா, இனி ஒன்னும் ஆகாதுன்னு. அப்புறம் என்ன, தூங்க வேண்டியதுதானே?"

படித்துவிட்டாயா? இன்னொரு தடவையும் படிப்பாய், எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை அத்தானை அனுப்பி ஆஸ்பத்திரிக்குச் சாமான் விற்கிற கடையில் அந்த இளஞ்சிவப்புச் சோப்பைத் தேடச் சொன்னேன். கிடைக்கவில்லை. உன்னிடம் ஒரு கேன் அனுப்பச் சொல்லி இந்தக் கடிதத்தில் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத மனசு மாறிவிட்டது.

சோப்பை அனுப்பாதே. அனுப்பினால் நான் அதைக் கையில் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்து அவளை ஏமாற்றிவிடுவேன். அவள் என்னை நீ என்று நினைத்துக்கொண்டு தூங்குவாள், நானும் உண்மையைச் சொல்லமாட்டேன். எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கிறது உன் மேல்.

லீவு போடு. அங்கேயே கையைக் கழுவிக்கொண்டு கிளம்பு, வழியில் எதையும் பூசிக்கொள்ளாதே. பேருந்து நிலையத்துக்கு அத்தான் வருவார்.

அக்கா